கிரிப்டோவை எங்கே வைத்தால் உங்கள் அந்தரங்கம் மிஞ்சும்?

கிரிப்டோ வாங்கலாமா வேண்டாமா என்று நான் சொல்லப்போவதில்லை, அதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். வாங்குவது என்று முடிவாகிவிட்டது, தொகை சிறியதோ பெரியதோ, எந்த வழியில் வாங்கி எங்கே வைத்தால் உங்களைப் பற்றி யாருக்கு என்ன தெரியவரும் என்பது மட்டும்தான் இங்கே பேச்சு. வழக்கமான ஒப்பீடுகள் கமிஷனையும் ஆப்பின் வேகத்தையும் பார்த்ததோடு முடிந்துவிடுகின்றன. அந்தரங்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்களிலும் பலர் 2017-ல் சொன்ன ஆலோசனையையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அதற்கப்புறம் சட்டம் எவ்வளவோ மாறிவிட்டது.

நடைமுறையில் வழிகள் நான்கு. எக்ஸ்சேஞ்சில், அதாவது கிரிப்டோ வாங்கி விற்க உதவும் நிறுவனத்தில், அடையாள ஆவணங்களைக் கொடுத்து வாங்கி, அங்கேயே விட்டுவைப்பது. அங்கே வாங்கி உடனே சொந்த வாலட்டுக்கு (நாணயத்தைச் செலவழிக்கும் ரகசியச் சாவி உங்கள் கையிலேயே இருக்கும் மென்பொருளோ கருவியோ) எடுத்துவிடுவது. எக்ஸ்சேஞ்ச் வாசலையே மிதிக்காமல் இன்னொரு ஆளிடம் நேராக வாங்குவது. கடைசியாக, பரிவர்த்தனையை வெளியே காட்டாத மொனேரோ மாதிரியான அந்தரங்க நாணயத்துக்குப் போவது, அல்லது சாதாரண நாணயத்தை, பலருடையதையும் ஒன்றாகக் கலக்கும் மிக்சரில் போட்டுத் தடத்தைக் கலைப்பது.

ஒப்பிடுவதற்கு முன்னால், யாருக்குத் தெரியக்கூடாது என்று உங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள். பொத்தாம்பொதுவாக 'அந்தரங்கம் வேண்டும்' என்றால் எந்த வழியும் போதாது. வரித்துறைக்குத் தெரியக்கூடாது என்பது ஒருவகை ஆசை, அதற்கு நான் வழி சொல்லப்போவதில்லை, அந்தக் கதவு எப்படியும் மூடிக்கொண்டு வருகிறது. என் வீட்டு முகவரியும் என்னிடம் இருக்கும் தொகையும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு திருடன் கையில் போகக்கூடாது என்பது வேறு. நான் பணம் அனுப்பிய ஆள் என் மொத்த இருப்பையும் எட்டிப் பார்க்கக்கூடாது என்பது இன்னொன்று. ஆட்சியில் இருப்பவர்களுக்குப் பிடிக்காத ஒரு இயக்கத்துக்கு நன்கொடை கொடுத்ததற்காக என் கணக்கு முடங்கக்கூடாது என்பது எல்லாவற்றையும்விடப் பெரிது. நான்கு வழிகளும் இதில் ஒன்றை அடைத்து இன்னொன்றைத் திறந்துவிடுகின்றன. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது வழிதான் சரி, ஆனால் அதை அரைகுறையாகச் செய்தால் முதல் வழியைவிட மோசமாகப் போய்விடும்.

எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைத்தால்

வசதி என்று பார்த்தால் இதற்கு ஈடில்லை. பாஸ்வேர்டு மறந்தால் மீட்டுத் தருவார்கள், விற்க வேண்டுமென்றால் இரண்டு தட்டு. பதிலுக்கு நீங்கள் கொடுப்பது அடையாள அட்டையின் படம், செல்ஃபி, வீட்டு முகவரி, போன் நம்பர், வங்கிக் கணக்கு, சில சமயம் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆதாரம். எக்ஸ்சேஞ்சுகள் ஆசைப்பட்டுக் கேட்பதில்லை, கேட்காவிட்டால் உரிமம் போய்விடும்.

சட்டவிரோதப் பணப் பரிமாற்றத்தைத் தடுப்பதற்கான சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப், வங்கிகளுக்கு இருந்த 'டிராவல் ரூல்' என்ற விதியை 2019 ஜூனில் கிரிப்டோ நிறுவனங்களுக்கும் நீட்டித்தது. ஒரு எக்ஸ்சேஞ்சிலிருந்து இன்னொன்றுக்கு நாணயம் போகும்போது, அனுப்புகிறவர் யார், பெறுகிறவர் யார் என்ற விவரமும் கூடவே போக வேண்டும். 1000 டாலர் அல்லது யூரோவுக்குக் கீழே கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம் என்று நாடுகளுக்கு விட்டுக்கொடுத்தது எஃப்ஏடிஎஃப். ஐரோப்பிய ஒன்றியம் அந்தத் தளர்வும் வேண்டாம் என்றுவிட்டது. 2024 டிசம்பர் 30 முதல் அங்கே நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே பத்து யூரோ மதிப்புள்ள நாணயம் போனாலும் பெயர் விவரம் கூடவே போகிறது. வங்கிப் பணத்துக்கு அதே ஒன்றியத்தில் சிறு தொகைக்குச் சலுகை உண்டு, கிரிப்டோவுக்கு மட்டும் இல்லை. ஏன் இந்தப் பாகுபாடு என்று கேட்டால், சிறு தொகைகளாக உடைத்து அனுப்புவது கிரிப்டோவில் சுலபம் என்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் ஒரு புத்தகத்துக்குக் காசு கொடுக்கிறவரும் அதே வலையில்தான் விழுகிறார்.

வரி விஷயத்திலும் இதே போக்குதான். வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி உருவாக்கிய சிஏஆர்எஃப் என்ற ஏற்பாட்டின்படி, எக்ஸ்சேஞ்சுகள் வாடிக்கையாளர்களின் கணக்கைத் தொகுத்து வரித்துறையிடம் கொடுக்கும், நாடுகள் தங்களுக்குள் அதை மாற்றிக்கொள்ளும். முதல் பரிமாற்றங்கள் 2027-ல். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சில் கணக்கு வைத்திருந்தால் யாருக்கும் தெரியாது என்று இன்னும் நம்புகிறவர்கள் அந்த நம்பிக்கையை இப்போதே கைவிடுவது நல்லது.

அரசாங்கத்துக்குத் தெரிவதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. சட்டம் இந்த விவரங்களைச் சேர்க்கச் சொல்கிறது, சேர்த்ததை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கச் சொல்கிறது, ஆனால் அது வெளியே போனால் நிறுவனம் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதில் அதே கறார் தெரிவதில்லை. 2025 மே மாதம் காயின்பேஸ் என்ற அமெரிக்க எக்ஸ்சேஞ்ச் ஒரு கசிவை வெளியில் சொன்னது. யாரும் சர்வரை உடைத்துக்கொண்டு உள்ளே போகவில்லை. வெளிநாட்டில் இருந்த வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள் சிலருக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள், அவர்கள் திரையில் தெரிந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். 69,461 பேரின் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர், அடையாள அட்டைப் படங்கள், கணக்கில் இருக்கும் தொகை பற்றிய தகவல். எடுத்தவர்கள் 2 கோடி டாலர் கேட்டு மிரட்டினார்கள், காயின்பேஸ் கொடுக்க மறுத்து, அதே 2 கோடியை அவர்களைப் பிடிக்க உதவுகிறவர்களுக்குப் பரிசாக அறிவித்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், வீட்டு முகவரியையும் முகத்தையும் எப்படி மாற்றுவது?

இதைவிட என்னை உறுத்துவது செல்சியஸ் விவகாரம், ஏனென்றால் அங்கே திருட்டே நடக்கவில்லை. வட்டி தருகிறோம் என்று சொல்லி நாணயங்களை வாங்கி வைத்துக்கொண்டிருந்த அந்த நிறுவனம் 2022 ஜூலையில் திவால் மனு போட்டது. அமெரிக்கத் திவால் சட்டப்படி யாருக்கெல்லாம் கடன் பாக்கி என்ற பட்டியல் பொது ஆவணம், வாடிக்கையாளர்கள் எல்லோரும் அந்தக் கணக்கில் கடன் கொடுத்தவர்கள்தான். வீட்டு முகவரியையும் மின்னஞ்சலையும் மறைக்க நீதிபதி ஒத்துக்கொண்டார், பெயரை மறைக்க ஒத்துக்கொள்ளவில்லை. அக்டோபரில் 14,000 பக்கத்துக்கு மேல் ஒரு ஆவணம் தாக்கலானது. பெயர், எந்தத் தேதியில், எந்த நாணயம், எவ்வளவு போட்டார், எவ்வளவு எடுத்தார். இப்போது பிளாக்செயினைத் திறந்துவைத்துக்கொண்டு பாருங்கள். அது எல்லோருக்கும் திறந்த பேரேடு, அதே தேதியில் அதே தொகை, தசமப் புள்ளிக்குப் பின்னால் எட்டு இலக்கம் வரை, அங்கே பதிவாகியிருக்கும். இரண்டையும் பொருத்தினால் இன்னாருடைய வாலட் இதுதான் என்று தெரிந்துவிடும், அங்கிருந்து அவர் முன்னும் பின்னும் செய்த எல்லாம் தெரிந்துவிடும். எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் திவாலானபோது வேறொரு நீதிபதி தனிநபர் பெயர்களை மறைத்துவைக்க அனுமதித்தார். ஆக, உங்கள் அந்தரங்கம் எந்த நீதிபதியிடம் வழக்கு போகிறது என்பதைப் பொறுத்தது.

முடக்கத்துக்கு உதாரணம் கனடா. 2022 பிப்ரவரியில் லாரி ஓட்டுநர்கள் ஒட்டாவாவை மறித்து நடத்திய போராட்டத்தின்போது அரசு அவசரநிலைச் சட்டத்தைக் கையில் எடுத்தது. வங்கிக் கணக்குகள் முடங்கின, முப்பதுக்கும் மேற்பட்ட கிரிப்டோ வாலட் முகவரிகளின் பட்டியலைப் போலீஸ் எக்ஸ்சேஞ்சுகளுக்கு அனுப்பி, இவற்றோடு பரிவர்த்தனை வைக்காதீர்கள் என்றது. அந்தப் போராட்டக்காரர்களின் கோரிக்கை எனக்குப் பிடிக்கிறதா என்பது வேறு விஷயம். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அது நடந்தது என்பதுதான் இங்கே முக்கியம். 2024 ஜனவரியில் கனடாவின் ஃபெடரல் கோர்ட் அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தியதே நியாயமில்லை என்று சொன்னது, கிட்டத்தட்ட இரண்டு வருடம் கழித்து.

சட்டத்தின் பார்வையில், நிறுவனத்திடம் நீங்கள் கொடுத்த தகவலின் மேல் உங்களுக்கு உரிமை குறைவு. அமெரிக்க வரித்துறை 2016-ல் காயின்பேஸிடம் வாடிக்கையாளர் விவரங்களைக் கேட்டு, பேரம் முடிந்து கடைசியில் சுமார் 14,000 பேரின் விவரங்களை வாங்கியது. அதில் ஒருவர் 'என் பதிவுகளை வாரண்ட் இல்லாமல் எடுத்தீர்கள்' என்று வழக்குப் போட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய்த் தோற்றார், உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் அதை எடுக்கவே மறுத்துவிட்டது. கொடுத்தால் போனதுதான்.

சொந்த வாலட்டுக்கு எடுத்துவிட்டால்

எடுத்த நிமிடத்திலிருந்து திவால் பயம் இல்லை, யாரும் ஒரு பட்டனைத் தட்டி பிட்காயினை முடக்க முடியாது, உங்கள் அடுத்த நடவடிக்கைகள் எந்த நிறுவனத்தின் டேட்டாபேஸிலும் உங்கள் பெயருக்கு நேரே தானாக ஏறாது. பல நாடுகளில் இது இன்னும் சட்டப்படி சரியான காரியம் என்பதும் முக்கியம். விதிகள் பிடிப்பது நடுவில் இருக்கும் நிறுவனங்களை, தன் சாவியைத் தானே வைத்திருக்கும் தனிமனிதரை அல்ல. ஐரோப்பாவில்கூட, 1000 யூரோவுக்கு மேல் எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் சொந்த வாலட்டுக்கு அனுப்பினால் அது உங்களுடையதுதான் என்று காட்டச் சொல்வார்கள், அந்த வாலட்டின் சாவியால் ஒரு செய்தியில் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டால் பெரும்பாலும் போதும். தொல்லைதான், தடை இல்லை.

அரைகுறையாகச் செய்தால் மோசம் என்றேனே, அது இங்கேதான். எக்ஸ்சேஞ்சுக்கு உங்கள் பெயர் தெரியும், நீங்கள் எந்த வாலட் முகவரிக்கு எடுத்தீர்கள் என்றும் தெரியும். அங்கிருந்து தொடங்கும் தடம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஒரு உதாரணம் பார்ப்போம். எக்ஸ்சேஞ்சிலிருந்து 0.5 பிட்காயினை ஒரே தடவையாக உங்கள் வாலட்டுக்கு எடுத்துவிட்டீர்கள். அப்புறம் ஒரு வேலைக்காக ஒருவருக்கு 0.02 அனுப்புகிறீர்கள். பிட்காயின் அந்த 0.5-ஐ முழுசாகச் செலவழித்து, 0.02-ஐ அவருக்கும் மிச்சம் ஏறக்குறைய 0.48-ஐ உங்களுடைய புது முகவரி ஒன்றுக்கும் அனுப்பும். பெற்றவர் தன் பரிவர்த்தனையை பிளாக்செயின் தேடலில் போட்டுப் பார்த்தால் பக்கத்திலேயே அந்த 0.48 நிற்கும். அது உங்களுடைய சில்லறை என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. சின்ன வேலைக்குக் கூலி வாங்கிய ஆளுக்கு உங்கள் இருப்பு தெரிந்துவிட்டது. வங்கியில் இப்படி நடக்குமா? நடக்காது. இந்த ஒரு விஷயத்தில் பிட்காயின் வங்கியைவிட வெளிப்படையானது, அதை 'அநாமதேய நாணயம்' என்று செய்திகளில் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

இதற்குக் கைவைத்தியம் உண்டு. ஒவ்வொரு வரவுக்கும் புது முகவரி (இதை பிட்காயினை உருவாக்கிய சதோஷி 2008-ல் அதைப் பற்றி எழுதிய ஒன்பது பக்கக் கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார்). எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரே மொத்தையாக எடுக்காமல் தனித்தனி முகவரிகளுக்குப் பிரித்து எடுப்பது. 'காயின் கன்ட்ரோல்' வசதி இருக்கும் வாலட்டாக எடுத்து, எந்த வரவிலிருந்து எதைச் செலவழிப்பது என்று நீங்களே தேர்ந்தெடுப்பது. நான்கு இடத்திலிருந்து வந்த சில்லறையை ஒரே பரிவர்த்தனையில் சேர்த்தால் நான்கும் ஒரே ஆளுடையவை என்று நீங்களே சாட்சி சொன்ன மாதிரி. பிளாக்செயினை அலசும் நிறுவனங்கள் முதலில் பிடிப்பது அந்த முடிச்சைத்தான்.

வாலட் மென்பொருளே சில சமயம் காட்டிக்கொடுக்கும். இருப்பைக் காட்ட அது யாருடைய சர்வரையாவது கேட்க வேண்டும், கேட்கும்போது உங்கள் ஐபி முகவரியும் வாலட் முகவரிகளும் சேர்ந்து அந்த சர்வருக்குப் போகின்றன. மெட்டாமாஸ்க் என்ற வாலட்டை நடத்தும் கன்சென்சிஸ் நிறுவனம் 2022 நவம்பரில் தன் அந்தரங்கக் கொள்கையைப் புதுப்பித்து, தன்னுடைய இன்ஃபூரா சர்வர் வழியாகப் போனால் இரண்டும் பதிவாகும் என்று எழுதியபோது பலர் அதிர்ந்துபோனார்கள். கொள்கையில் எழுதினார்கள், அதனால் தெரிந்தது, எழுதாதவர்கள் எத்தனை பேரோ. சொந்த நோடு (பிளாக்செயினின் பிரதியை வைத்துத் தானே சரிபார்க்கும் கணினி) ஓட்டலாம், அல்லது ஐபி முகவரியை மறைக்கும் டோர் வலையமைப்பு வழியாகப் பேசும் வாலட்டை எடுக்கலாம். எல்லோரும் நோடு ஓட்டுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், சின்னத் தொகைக்கு அது அதிகப்படி.

சாவியை உள்ளே பூட்டிவைக்கும் சிறு கருவியான ஹார்டுவேர் வாலட் வாங்குகிறீர்களா, வீட்டு முகவரிக்கு வரவழைக்காதீர்கள். அந்தக் கருவிகளை விற்கும் லெட்ஜர் நிறுவனத்தின் விற்பனைப் பட்டியல் 2020-ல் கசிந்து அந்த டிசம்பரில் இணையத்தில் கொட்டப்பட்டது, அதில் சுமார் 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர். கருவியின் உள்ளே இருந்த சாவிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 'இந்த வீட்டில் கிரிப்டோ இருக்கிறது' என்று ஒரு பட்டியல் ஊர் முழுக்கப் போய்விட்டது, மறு வருடம் சிலருக்குப் போலிக் கருவியே தபாலில் வந்தது. 2025 ஜனவரியில் அதே நிறுவனத்தின் இணை நிறுவனர் ஒருவரை பிரான்சில் கடத்திப்போய் விரலை வெட்டினார்கள். இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, சொந்த வாலட் என்பதாலேயே எல்லா நாணயமும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. யுஎஸ்டிடி, யுஎஸ்டிசி போன்ற, டாலர் மதிப்போடு கட்டிய ஸ்டேபிள்காயின்களை வெளியிடும் நிறுவனம் நினைத்தால் உங்கள் வாலட்டுக்குள் இருப்பதையே முடக்கலாம், அதற்கான வசதியை நிரலிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். 2022 ஆகஸ்டில் டொர்னாடோ கேஷ் என்ற மிக்சர் மேல் அமெரிக்கா தடை போட்டதும், யுஎஸ்டிசியை வெளியிடும் சர்க்கிள் நிறுவனம் அந்த முகவரிகளில் இருந்த யுஎஸ்டிசியை உடனே முடக்கியது. முடக்கத்துக்குப் பயந்து சொந்த வாலட்டுக்கு வருகிறவர் ஸ்டேபிள்காயினை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தால் அது பொய் நிம்மதி.

வாலட்டைத் திரும்பத் திறக்க உதவும் மீட்புச் சொற்களைத் தொலைத்தால் அம்போதான் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை நான் லேசாகச் சொல்லவில்லை. பன்னிரண்டு சொற்களைப் பத்திரமாக எழுதிவைக்கவும், தனக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்குத் தெரிய ஒரு ஏற்பாடு செய்யவும் பொறுமை இல்லாதவர் எக்ஸ்சேஞ்சிலேயே இருந்துவிடலாம். அந்தரங்கத்தைக் காப்பாற்றப்போய்ப் பணத்தையே தொலைப்பது புத்திசாலித்தனம் இல்லை.

ஆளுக்கு ஆள்

முன்பு இது பெரிய வழி. ஹெல்சின்கியிலிருந்து இயங்கிய லோக்கல்பிட்காயின்ஸ் என்ற தளம் 2012-ல் தொடங்கி, 2019-லிருந்து அடையாளம் கேட்க ஆரம்பித்து, 2023 பிப்ரவரியில் கடையைக் கட்டியது. லோக்கல்மொனேரோவும் 2024-ல் மூடுவதாக அறிவித்தது. பிஸ்க் மாதிரி மையம் இல்லாத தளங்கள் இன்னும் ஓடுகின்றன, ஆனால் வாங்க விற்க ஆள் குறைவு, விலை கூட.

எனக்கு இதில் இருக்கும் பெரிய ஆட்சேபம் வேறு. நீங்கள் விற்கிறீர்கள், எதிராளி உங்கள் வங்கிக் கணக்குக்குப் பணம் போடுகிறார், அது அவர் யாரையோ ஏமாற்றிச் சுருட்டிய பணம். நாலு நாள் கழித்து ஏமாந்தவர் புகார் கொடுக்கிறார், போலீஸ் பணம் போன தடத்தைப் பிடித்து உங்கள் கணக்கை முடக்குகிறது. அப்போது நீங்கள் யார், இந்தப் பணம் எப்படி வந்தது, அந்த ஆள் யார் என்று எல்லாவற்றையும் நீங்கள்தான் விளக்க வேண்டும். அடையாளம் கொடுக்க மனமில்லாமல் போனவர் கடைசியில் காவல் நிலையத்தில் உட்கார்ந்து கொடுக்க வேண்டியிருக்கும். நன்றாகத் தெரிந்த ஆள், சின்னத் தொகை என்றால் சரி. மற்றபடி இது ஒப்பீட்டில் கடைசி.

அந்தரங்க நாணயமும் மிக்சரும்

தொழில்நுட்பம் என்று பார்த்தால் மொனேரோதான் கேள்விக்குப் பதில். 2014-ல் வந்தது. அனுப்பியவரின் தடத்தைப் பதினைந்து போலித் தடங்களோடு கலந்துவிடும், பெறுகிறவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு தனி முகவரி தானாக உருவாகும், தொகை யாருக்கும் தெரியாது. மேலே சொன்ன 0.48 பிரச்சினையே இங்கே இல்லை. 2016-ல் வந்த ஸீகேஷில் மறைப்பது விருப்பம், மறைத்த பிறகும் ஆடிட்டருக்கோ வரி அலுவலருக்கோ மட்டும் பார்வைச் சாவி கொடுத்துக் கணக்கைக் காட்டலாம். சட்டத்துக்கும் அந்தரங்கத்துக்கும் நடுவில் ஒரு பாதை வேண்டும் என்று உண்மையிலேயே நினைக்கும் அரசு இருந்தால் அந்தப் பார்வைச் சாவியைத்தான் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். பேசவில்லை.

பேசாமல் செய்தது வாசலை அடைப்பது. தென் கொரியாவில் 2021-லேயே எக்ஸ்சேஞ்சுகளில் இந்த நாணயங்கள் இல்லை. பினான்ஸ் 2024 பிப்ரவரி 20-ல் மொனேரோவை நீக்கியது, அதே வருடக் கடைசியில் கிராக்கன் ஐரோப்பாவில் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சட்டப்படி 2027 ஜூலை 10 முதல் அங்கே உரிமம் பெற்ற எந்த நிறுவனமும் அநாமதேயக் கணக்கோ அந்தரங்க நாணயமோ வைத்திருக்கக் கூடாது. கவனியுங்கள், நீங்கள் வைத்திருப்பது குற்றம் என்று அது சொல்லவில்லை, விற்க இடம் இல்லாமல் செய்துவிடுகிறது. நாலு வருடம் கழித்து இதைப் பணமாக்க எங்கே போவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் சேமிப்பை இதில் போடாதீர்கள்.

மிக்சர் கதை இன்னும் சிக்கல். டொர்னாடோ கேஷில் வடகொரியாவின் லாசரஸ் கும்பல் திருடிய 45.5 கோடி டாலருக்கு மேல் புழங்கியது என்று சொல்லி அமெரிக்கா 2022 ஆகஸ்ட் 8-ல் தடை போட்டது. அதே மாதம் எத்தீரியம் என்ற பிளாக்செயினை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டெரின், உக்ரைனுக்குத் தான் நன்கொடை அனுப்பியது அதன் வழியாகத்தான் என்று சொன்னார், பெற்றவர்களின் பாதுகாப்புக்காக. இரண்டும் ஒரே கருவி. தடை வந்த சில நாளில் யாரோ ஒரு குறும்புக்காரர் பிரபலங்களின் வாலட்டுகளுக்கு அதிலிருந்து 0.1 எத்தர் (எத்தீரியத்தின் நாணயம்) வீதம் அனுப்பிவைத்தார். கேட்காமல் வந்த பணத்தால் அவர்கள் எல்லோருமே காகிதத்தில் தடையை மீறியவர்கள் ஆனார்கள். சட்டம் நிரலைத் தொடும்போது என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

2024 நவம்பரில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, யாராலும் மாற்ற முடியாத ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (பிளாக்செயினில் தானாக ஓடும் நிரல்) யாருடைய சொத்தும் அல்ல, அதன்மேல் தடை செல்லாது என்றது. 2025 மார்ச்சில் தடை நீங்கியது. ஆனால் எழுதியவர்கள் தப்பவில்லை. அலெக்ஸி பெர்ட்செவுக்கு நெதர்லாந்தில் 2024 மே மாதம் 5 வருடம் 4 மாதத் தண்டனை விதித்தார்கள், அவர் மேல்முறையீடு செய்தார். ரோமன் ஸ்டார்மை 2025 ஆகஸ்டில் நியூயார்க் ஜூரி மூன்றில் ஒரு குற்றச்சாட்டில் குற்றவாளி என்றது. பிட்காயின் கலக்கும் சேவையோடு இருந்த சமுராய் வாலட்டை உருவாக்கிய இருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2025 நவம்பரில் 5 வருடமும் 4 வருடமும் பெற்றார்கள். வாசாபி வாலட்டை நடத்திய நிறுவனம் 2024 ஜூனில் தன் கலக்கும் சேவையைத் தானே நிறுத்திக்கொண்டது. சமுராய்க்காரர்கள் தங்கள் விளம்பரத்தில் கண்ட ஆட்களையும் வா வா என்று அழைத்தார்கள், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனாலும் மென்பொருள் எழுதுகிறவர் அதைப் பயன்படுத்துகிறவரின் குற்றத்துக்கு எவ்வளவு தூரம் பொறுப்பு என்ற கோடு இப்போது மங்கலாகத்தான் இருக்கிறது, அந்த மங்கலே பலரை இந்தப் பக்கம் வராமல் செய்துவிட்டது.

சாதாரணப் பயனருக்கு இதில் நடைமுறைக் கேடு ஒன்றுதான்: மிக்சர் வழியாக வந்த நாணயத்தை எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுபோனால் அலாரம் அடிக்கும், கணக்கு நிற்கும், விளக்கம் கேட்பார்கள். மறைப்பதற்காகச் செய்தது உங்களையே தனியாகக் காட்டிக்கொடுக்கும். இன்றைய நிலையில் மிக்சர் வேண்டாம் என்பதுதான் என் பதில், கொள்கை வேறு, பிழைப்பு வேறு.

சரி, யாருக்கு எது

அடிக்கடி வாங்கி விற்கிறவருக்கு எக்ஸ்சேஞ்சைத் தவிர வழியில்லை. ஆனால் வியாபாரத்துக்குத் தேவையான தொகையை மட்டும் அங்கே வைத்து, மீதியை எடுத்துவிடுங்கள். வாங்கி ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கப் போகிறவருக்கு ஒரே ஒரு எக்ஸ்சேஞ்ச், அங்கிருந்து சொந்த வாலட், பிட்காயின் மாதிரி யாராலும் முடக்க முடியாத நாணயம், புதுப்புது முகவரிகள். இந்த வழியில் அரசாங்கத்துக்கு நீங்கள் வாங்கியது தெரியும், எடுத்தது தெரியும், அதற்கப்புறம் கேட்டால் கணக்குக் காட்டலாம். ஊர் உலகத்துக்கு ஒன்றும் தெரியாது.

உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து இருக்கிறவர்களின் கணக்கு வேறு. 2020 அக்டோபரில் நைஜீரியாவில் போலீஸ் அத்துமீறலை எதிர்த்து நடந்த எண்ட்சார்ஸ் போராட்டத்துக்கு நிதி திரட்டிய ஃபெமினிஸ்ட் கோயலிஷன் என்ற பெண்கள் அமைப்பின் வங்கி வழிகள் அடைபட்டபோது, அவர்கள் பிட்காயினுக்கு மாறி, பிடிசிபே சர்வர் என்ற மென்பொருளைத் தாங்களே நிறுவி, கொடுக்கிறவர் ஒவ்வொருவருக்கும் தனி முகவரி வருகிற மாதிரி செய்தார்கள். அந்த இடத்தில் இருக்கிறவரிடம் போய் எக்ஸ்சேஞ்சில் கேஒய்சி, அதாவது அடையாள ஆவணங்கள், கொடுத்து ஆரம்பி என்று நான் சொல்லமாட்டேன். மொனேரோ அவருக்கு முதல் தேர்வாக இருக்கலாம், விற்க இடம் குறைவு என்பது அவருடைய கவலைகளில் பத்தாவது இடத்தில் இருக்கும். விதி எழுதுகிறவர்கள் இந்த ஆளை நினைத்துப் பார்ப்பதே இல்லை என்பதுதான் என் பெரிய குறை.

இரண்டு நடைமுறை விஷயங்கள் பாக்கி. சலுகைக்காகவும் போனஸுக்காகவும் நாலைந்து எக்ஸ்சேஞ்சில் கணக்குத் திறப்பதை விட்டுவிடுங்கள். கணக்கை மூடினாலும் உங்கள் ஆவணங்கள் அங்கே குறைந்தது ஐந்து வருடம் இருக்கும், எஃப்ஏடிஎஃப் வைத்திருக்கும் கணக்கு அது. தனிநபர் தகவலை அழிக்கச் சொல்லும் உரிமை ஐரோப்பியச் சட்டத்தில் இருந்தும் அந்தக் கெடு முடியும்வரை செல்லாது. ஏற்கெனவே திறந்தவற்றில் பயன்படுத்தாததை இன்றே மூடினால்தான் அந்த ஐந்து வருடம் இன்றிலிருந்து ஓட ஆரம்பிக்கும்.

அப்புறம், சொந்த வாலட்டுக்கு எடுக்கும்போதெல்லாம் எக்ஸ்சேஞ்சின் ரசீதையும் தேதியையும் விலையையும் உங்கள் கணினியில் ஒரு கோப்பில் சேமித்துவையுங்கள். பத்து வருடம் கழித்து விற்கப்போகும்போது இது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், அந்த எக்ஸ்சேஞ்ச் அப்போது இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.